20 பேர்தான் வந்தார்கள் என்றாய்

அன்பு மகளுக்கு,

"அகதிகளுக்காக வைத்த கூட்டத்துக்கு 20 பேர்தான் வந்தவை அம்மா, இதால என்ன நடக்கப்போகுது" என்று போன கிழமை நீ கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

2018 மார்ச்சில் பிலோயீலாவில் அகதியாக வந்திருந்த அந்தத் தமிழ்க் குடும்பத்தை அதிகாரிகள் விடியற்காலையில் வந்து பிடித்துக்கொண்டு போனபோது நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். அது ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் உள்ளுக்குள் இருக்கிற சின்ன ஊர். தகப்பனுக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை, தாய் ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களுக்குக் கறி சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பாராம். விசா முடிந்து ஒரே ஒரு நாள். இளையவளுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை, அவளையும் மெல்பேர்ன் தடுப்பு முகாமில் கொண்டுவந்து வைத்தார்கள்.

அந்த ஊர்ச் சனம் போராடிப் பழகியவர்கள் இல்லை. எங்கள் ஊர்க் குடும்பத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்று கையெழுத்து வாங்கினார்கள், எம்.பி.க்களுக்குப் போன் போட்டார்கள், விடவே இல்லை.

2019 ஆகஸ்டில் நாடுகடத்தக் கொண்டுபோகிறார்கள் என்று தெரிந்த இரவு நானும் மெல்பேர்ன் விமான நிலையத்துக்குப் போனேன். அதுவரை எந்தப் போராட்டத்துக்கும் போனதில்லை, பெயரை எழுதிவிடுவார்களோ என்று ஊரிலிருந்து கொண்டுவந்த பயம். விமானம் ஏறிப் போய்விட்டது. வேலிக்கு வெளியே நின்று அழுதேன் பிள்ளை. ஆனால் அது வானத்தில் இருக்கும்போதே ஒரு நீதிபதி தொலைபேசியில் தடை உத்தரவு போட, டார்வினில் இறக்கினார்கள். அப்புறம் கிறிஸ்மஸ் தீவுத் தடுப்பு முகாம், பேர்த், ஆட்சி மாற்றம், எல்லாம் கடந்து 2022 ஜூனில்தான் பிலோயீலா திரும்பினார்கள். நாலு வருஷம் மூன்று மாதம்.

அவர்களுக்கு ஒரு ஊர் இருந்தது. முகாமுக்குள் தனியாக இருக்கிற பொடியன்களுக்கு எந்த ஊர் வந்து நிற்கும்? அகதி விசா மறுக்கப்பட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் தற்காலிக விசாவில் இழுபடுகிறவர்களுக்கு? அவர்களுக்காக நிற்கத்தான் உன்னுடைய 20 பேர். 2023இல் நிரந்தர விசா கேட்டு மெல்பேர்னிலிருந்து கன்பராவுக்கு 640 கிலோமீட்டர் நடந்த அகதிப் பெண்களும் 22 பேர்தான், அதில் எங்கள் தமிழ்ப் பெண்களும் இருந்தார்கள். அவர்கள் கேட்டது எல்லோருக்கும் இன்னும் கிடைக்கவில்லை, அதனால் நிறுத்தாதே.

அடுத்த மாதம் பிரிஸ்பேன் வருகிறேன். கூட்டத்தை அந்தச் சனிக்கிழமைக்கு வைக்கப் பார். ரோல்ஸ் செய்து கொண்டுவருகிறேன், எத்தனை பேர் என்று மட்டும் முதலே சொல்லு, என்னையும் சேர்த்து எண்ணு.

அன்புடன்,
அம்மா