கோணேசபுரி வளாகத்துக்கு ஒரு மடல்: தும்புத்தூளை ஒருக்கா ஆய்வுகூடத்துக்கு எடுங்க

கோணேசபுரியில இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழக திருகோணமலை வளாகத்து பிரயோக விஞ்ஞான பீட சேர்மார், மிஸ்மார் எல்லாருக்கும் வணக்கம். நான் மூதூரில ஏ.எல் பிள்ளைகளுக்கு கெமிஸ்ட்ரி படிப்பிக்கிற ஆள். தும்புத்தூளில (தேங்காய் மட்டையில தும்பு எடுக்கேக்க மிஞ்சிற தூள்) இருந்து லிக்னினைப் பிரிச்செடுத்து பிளைவுட் பசைக்குப் போட்டுப் பாருங்க எண்டு கேக்கத்தான் இத எழுதுறன்.

வெட்டு முடிஞ்சா தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வைக்கோல் எரியிற புகை உங்களுக்கும் தெரியும், இங்க பொச்சுமட்டையும் தும்புத்தூளும் மழையில ஊறிக் கிடக்குது. அதுக்குள்ள இருக்கிற லிக்னின், செலுலோசுக்கு அடுத்தபடியா தாவரத்தில கூடுதலா இருக்கிற சாமான், பென்சீன் வளையமாக் கோத்தது, பெற்றோலியத்தில இருந்து எடுக்கிற, பசை செய்யப் பாவிக்கிற பீனோலுக்கு மாற்று தேடுறவங்க முதல்ல பாக்கிறதே இதைத்தான்.

நோர்வேல போரகார்ட் கம்பனி ஸ்புரூஸ் மரத்து லிக்னினில வனிலின் (வனிலா வாசனைப் பொருள்) செய்து விக்குது உண்மைதான், ஆனா தயவுசெய்து நீங்க அதில தொடங்காதீங்க. வனிலின் மாதிரிச் சின்ன மூலக்கூறு எடுக்க லிக்னினை சூடாக்கி உடைக்க உடைக்க, உடைஞ்ச துண்டுகள் ஒண்டோட ஒண்டு திரும்ப ஒட்டி முந்தினதை விடக் கெட்டியாகிடும், கடதாசி ஆலைக்காரர் மரத்தை அவிச்சு வடிக்கேக்க வாற லிக்னின் கரைஞ்ச கறுப்புத் தண்ணியை கொதிகலனில எரிச்சு ஆவி எடுக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். பிளைவுட் பசைக்கு எண்டா அவ்வளவு உடைக்கத் தேவையில்ல, பீனோல் போர்மல்டிகைட் பசையில பீனோலின்ர ஒரு பங்குக்குப் பதிலா லிக்னினைப் போடலாம், வெளிநாட்டில செய்யிறாங்க.

பிரிச்செடுக்கிறது உங்கட ஆய்வுகூடத்திலயே ஏலும். கோஸ்டிக் சோடாவில தூளை அவிச்சு வடிச்சா கன்னங்கரேலெண்டு தண்ணி வரும், அதுக்கு சல்பூரிக் அமிலம் சொட்டுச் சொட்டா விட்டு பிஎச் 2, 3 வரைக்கும் இறக்கினா பால் திரையிற மாதிரி மண்ணிறத்தில திரைஞ்சு அடியில படியும், கழுவிக் காயவிட்டா தூள். வைக்கோலிலயும் செய்யலாம் (அதில கடதாசி செய்த ஆலை எங்கட மாகாணத்தில வாழைச்சேனையில இருந்ததுதானே), ஆனா வைக்கோலில சிலிக்கா (மணலில இருக்கிற அதே சாமான்) கூடுதல், அதுவும் கரைஞ்சு வந்து அமிலம் விடேக்க ஜெல் மாதிரித் திரண்டு வடியை அடைக்கும், லிக்னினையும் அழுக்காக்கும். அதாலதான் தும்புத்தூள் எண்டு பிடிவாதமா நிக்கிறன், அதில சிலிக்கா குறைவு, லிக்னின் வைக்கோலை விட ரெண்டு மடங்குக்கும் மேல.

கடைசி வருசப் பிள்ளைகளுக்கு புரொஜெக்டா இதைக் குடுங்க. எத்தனை வீதம் லிக்னின் போட்டா ஒட்டு தாங்குது, தண்ணியில ஊறவிட்டா பிரியுதா எண்டு அளந்து, முடிவை தமிழிலயும் போடுங்க, தளபாடம் செய்யிற ஆக்கள் வாசிக்கட்டும். மிச்ச அமிலத் தண்ணியை நடுநிலையாக்காம கான்ல விடவேணாம், கடல் பக்கத்தில இருக்கு.

தும்புத்தூள் மூட்டை கட்டி லொறியில ஏத்திவிடுறது என்ர பொறுப்பு, எங்க இறக்கவேணும், யாரைக் கேக்கவேணும் எண்டு மட்டும் சொல்லுங்க.