டி.பி.ராஜலட்சுமி பிறந்தநாள் விழா: நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

நவம்பர் 11 அன்று திருவையாற்றில் நடிகை டி.பி.ராஜலட்சுமி அம்மாவின் பிறந்தநாள் விழாவை நல்லபடியாக நடத்தி முடித்தோம். வாடகையே வாங்காமல் மண்டபம் கொடுத்தவர், கொட்டும் மழையில் நாற்காலி இறக்கிப்போட்ட தம்பிகள், மைக்செட்காரர், வந்தவர்களுக்கெல்லாம் சுக்குக் காபி போட்டுத் தந்த அக்கா, எல்லோருக்கும் முதலில் எங்கள் நன்றி.

அப்புறம், விழாவில் காட்சிக்கு வைக்கப் பரணிலிருந்து பழைய காகிதங்களை எடுத்து வந்தவர்களுக்கு. உங்களுக்குத்தான் பெரிய நன்றி சொல்ல வேண்டும். 1931இல் வந்த 'காளிதாஸ்', தமிழின் முதல் பேசும்படம். அதன் கதாநாயகி நம் ஊர்ப் பெண். இருபது வயதுகூட நிறையாத நேரத்தில் சென்னை மாகாணமே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. படச்சுருள் போன பிறகு நமக்கு மிஞ்சியது பாட்டுப் புத்தகமும் பத்திரிகைத் துணுக்கும் ஸ்டில்லும்தான்.

ஒரு பெரியம்மா கொண்டுவந்த பாட்டுப் புத்தகத்தில் கம்பிப் பின் துருப்பிடித்து நடுப்பக்கம் பழுப்பாகக் கறைபட்டிருந்தது. ஓரத்தில் யாரோ பென்சிலால் ராகத்தின் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். விழாவுக்கு வந்த பள்ளிப் பிள்ளைகள் அதிக நேரம் நின்று பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான். தாயே, அதைப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் வைத்திருந்தீர்களே, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

'பாவம், சம்பாதித்ததையெல்லாம் தொலைத்துவிட்டார்' என்று அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. பேரும் பணமும் வந்ததும் அவர் சொந்தமாகப் படக் கம்பெனி வைத்தார். தான் எழுதிய நாவலையே 1936இல் 'மிஸ் கமலா' என்று படமாக்கினார். தயாரிப்பு, கதை, இயக்கம், நடிப்பு எல்லாமே அவர்தான். தென்னிந்தியாவில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் படம் இயக்கியதில்லை. பிறகு 'இந்தியத் தாய்' எடுத்தார். நாட்டு விடுதலையைப் பேசிய படம் என்பதால் வெள்ளைக்காரர்களின் தணிக்கையில் சிக்கியது. போட்ட பணம் திரும்பி வரவில்லை. தன் உழைப்பில் வந்த காசை எதில் போடுவது என்று ஒரு பெண் அந்தக் காலத்தில் தானே முடிவெடுத்திருக்கிறார். அந்த நஷ்டத்தைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று மேடையில் கேட்டுக்கொண்டேன், இங்கேயும் கேட்டுக்கொள்கிறேன். 1964இல் அவர் காலமானார்.

பழைய பாட்டுப் புத்தகங்களை எப்படிக் கையாள்வது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த நூலகத்து நண்பர்களுக்கும், காட்சிக்கு வைத்ததையெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக ஸ்கேன் செய்து தந்த ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

வாங்கிய பொருள்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். பெயர் எழுதாத பழுப்பு உறை ஒன்று மட்டும் எங்களிடம் இருக்கிறது. உள்ளே இரண்டு ஸ்டில்களும் ஒரு நாடக நோட்டீஸும் உள்ளன. உங்களுடையது என்றால் மண்டபத்து அலுவலகத்தில் வந்து சொல்லுங்கள். அதுவரை பத்திரமாக வைத்திருப்போம்.

இப்படிக்கு,
விழாக் குழுவினர் சார்பில்