அந்த இரண்டு கதவுகளையும் அடைக்க விடாதீர்கள்: திட்ட அனுமதிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

வணக்கம். வடக்கு வேல்ஸில் ஏ5 சாலையோரத்துச் சிற்றூர் ஒன்றில் ஏழு வருடமாக வாடகைக்குக் குடியிருக்கிறேன். ஹோலிஹெட் துறைமுகத்துக்காக பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்ட் 1815 முதல் போட்ட சாலை இது. எங்கள் ஊர்ப் பழைய பண்ணை வீடு அந்தச் சாலைக்கு முதுகு காட்டி நிற்கிறது. வீடு முதலில் வந்தது, சாலை அப்புறம்தான் வந்தது. அதன் வாசல் முற்றத்தைப் பார்க்கிறது. முற்றத்தின் ஒரு பக்கம், வெல்ஷ் மொழியில் சொன்னால், பெய்டி, அதாவது மாட்டுத் தொழுவம். எதிரே அஸ்கிபோர், கதிரடித்து தானியம் சேர்த்த கொட்டில்.

இந்த முற்றத்தை மூன்றாகப் பிரித்து, தொழுவத்தையும் கொட்டிலையும் விடுமுறை வீடுகளாக்க வந்த விண்ணப்பம் இப்போது உங்கள் முன் இருக்கிறது. கூரை சரிந்து பாழாவதைவிட ஆள் புழங்குவது நல்லதுதான். ஆனால் வரைபடத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

அஸ்கிபோரில் எதிரெதிராக இரண்டு பெரிய கதவுகள், நடுவே கதிரடிக்கும் தளம். இரண்டையும் திறந்துவிட்டால் காற்று நேராக ஊடுருவும். அதில் தூற்றினால் பதர் பறந்துபோகும், ஓட்ஸ் மணி தளத்தில் விழும். மழை அடிக்கடி பெய்கிற நாட்டில் களத்தையே கூரைக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள்! சுவரிலுள்ள ஒல்லித் துவாரங்கள் உள்ளே புழுங்காமலிருக்க விட்டவை. வரைபடத்தில் ஒரு கதவு சுவராகிறது, இன்னொன்று முழுக் கண்ணாடியாகிறது, துவாரங்களை இடித்து அகலச் சன்னல் வைக்கிறார்கள். அப்படிச் செய்தபின் அது என்ன கட்டடமாக இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

சுவர்ப் பூச்சுக்கு சிமெண்ட் என்று போட்டிருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். நான் இருப்பதும் பழைய கல்வீடுதான். முன்பு யாரோ வெளிச்சுவரில் சிமெண்ட் பூசிவிட்டார்கள். கட்டிலை ஒட்டிய சுவரைத் தொட்டால் ஜூன் மாதத்திலும் கை ஈரமாகும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. வெடிப்பு வழியாக இறங்குகிற மழை உள்ளேயே தங்கிவிடுகிறது. கட்டிலுக்குப் பின்னால் பூச்சு பெயர்ந்த இடத்தில் விரல் வைத்தால் கல்லிடுக்குச் சாந்து நனைந்த மாவு போல ஒட்டிக்கொண்டு வருகிறது.

பாதுகாக்கப்பட்ட வீடு என்றால், அதன் வளாகத்துக்குள் 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே நிற்கிற துணைக் கட்டடங்களையும் அந்த வீட்டின் பகுதியாகவே சட்டம் பார்க்கிறது. எங்கள் ஊர்ப் பண்ணை வீடு, வேல்ஸ் அரசின் மரபுச் சின்னப் பாதுகாப்பு அமைப்பான காடூவின் (Cadw) பாதுகாப்புப் பட்டியலில் இல்லை என்பது தெரியும். ஆனால் வீடும் தொழுவமும் கொட்டிலும் சேர்ந்தால்தான் ஒரு பண்ணை என்ற எண்ணம் பட்டியலுக்கு வெளியே இருப்பவற்றுக்கும் பொருந்தும்தானே? கார்டிஃப் பக்கத்தில் செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட பழைய கட்டடங்களைப் பிரித்துக் கொண்டுபோய்த் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். அருமையான வேலை. எல்லா ஊர் முற்றத்தையும் அங்கே கொண்டுபோக முடியாது.

அனுமதி கொடுங்கள், நிபந்தனையோடு கொடுங்கள். இரண்டு கதவுகளும் கதவுகளாகவே இருக்கட்டும், உள்பக்கமாகக் கண்ணாடி வைத்துக்கொள்ளலாம். பூச்சு சுண்ணாம்பாக இருக்கட்டும். முற்றத்தின் குறுக்கே வேலி வேண்டாம். ஒரு வீடாவது வருடம் முழுக்க இங்கேயே வாழ்கிறவர்களுக்குக் கிடைக்கட்டும். குளிர்காலத்தில் விளக்கெரியாத வீடுகள் ஏற்கெனவே இந்தத் தெருவில் இருக்கின்றன. பெயர்ப்பலகையில் பெய்டி, அஸ்கிபோர் என்ற பெயர்களே நிற்கட்டும். பெய்டி என்றால் நேர்ப்பொருளில் மாட்டு வீடு. அந்த இடம் என்னவாக இருந்தது என்று இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வேறு பெயர் கிடைக்காது.

முடிவெடுக்கும் முன் ஒரு நாள் நேரில் வாருங்கள். தளத்தின் நடுவில் நின்று இரண்டு கதவுகளையும் திறந்து பாருங்கள். மேற்குக் கதவின் கீல் துருப்பிடித்திருக்கிறது, கொஞ்சம் தூக்கித் தள்ள வேண்டும். நானும் வந்து கை கொடுக்கிறேன்.

அன்புடன்,
சாலையோரத்து வீட்டுக் குடித்தனக்காரர்