"அங்க என்ன இருக்கு சித்தி?" – மதிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மதிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். நீ ஆஸ்திரேலியாவின் நடுவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. உன்னிடம் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு வரும் பின்டுபிப் பழங்குடிப் பாட்டி, வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும் என்று அதையே சொல்கிறார். அந்த வீடு எங்கே என்று மேப்பில் தேடினாய். கின்டோர். மேற்கே 530 கிலோமீட்டர், பெரும்பாலும் மண் சாலை. "அங்க என்ன இருக்கு சித்தி?" என்றாய்.

அவர்கள் அங்கிருந்து ஏன் வந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

1950களின் கடைசியிலிருந்து 60களின் நடுப்பகுதி வரை, அரசின் நலத்துறை அதிகாரிகள் மேற்குப் பாலைவனத்துக்குள் வண்டியில் போய்ப் பின்டுபி மக்களைத் தேடினார்கள். தென் ஆஸ்திரேலியாவின் வூமெரா ஏவுதளத்திலிருந்து பிரிட்டனின் ப்ளூ ஸ்ட்ரீக் ராக்கெட்டைச் சோதிக்கத் திட்டமிட்ட காலம் அது. ராக்கெட் பறக்கும் வழி இவர்கள் நிலத்துக்கு மேலே. அதற்காகச் சாலைகள் வெட்டினார்கள். வறட்சியும் சேர்ந்துகொண்டது. எல்லோரையும் கட்டி இழுத்துவந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். முன்பே போன சொந்தக்காரர்களைப் பார்க்க வந்தவர்கள் உண்டு, மாவும் சர்க்கரையும் கிடைக்கும் என்று வந்தவர்களும் உண்டு. ஆனால் ஏற்றிக்கொண்டு வந்த லாரி, திருப்பிக் கொண்டுபோய் விடவில்லை.

இறக்கிவிட்ட இடம் பபுன்யா. ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வடமேற்கே சுமார் 240 கிலோமீட்டர். லுரிட்ஜா, வார்ல்பிரி, அரெர்ன்டே என்று பல மக்களை ஒரே இடத்தில் அடைத்து, பொதுச் சாப்பாட்டுக்கூடத்தில் வரிசையில் நிறுத்திச் சோறு போட்டு 'நாகரிகம்' பழக்கிய குடியிருப்பு. புதிதாக வந்த பின்டுபிகளின் உடம்பு அறியாத நோய்கள் அங்கே இருந்தன. சில வருடங்களுக்குள் நிறையப் பேர் இறந்தார்கள். மீதிப்பேர் குடியிருப்பின் மேற்கு ஓரத்தில், தங்கள் நிலம் இருக்கிற திசையில், தனியாகக் குடிசை போட்டுக்கொண்டார்கள். அடுத்தவர் மண்ணில் விருந்தாளி, அதுவும் அழைக்காத விருந்தாளி.

1971இல் பபுன்யாப் பள்ளிச் சுவரில் பெரியவர்கள் தேன் எறும்பின் கதையை வரைந்தார்கள். மறு வருடமே ஓவியர்கள் சேர்ந்து 'பபுன்யா டூலா' என்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அந்தப் புள்ளிகளையும் வட்டங்களையும் இன்று காலரிகளில் பார்த்து வியக்கிறோம். எனக்கு அவை பட்டா மாதிரி தெரியும். இந்த நீர்ச்சுனை என்னுடையது, இந்த மணல்மேடு என் அப்பாவுடையது என்று, பார்க்க முடியாத நிலத்தை நினைவிலிருந்து எழுதிவைத்தது.

1973இல் ஒரு கூட்டம் பபுன்யாவை விட்டு யாயாயிக்கு நகர்ந்தது. நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் மேற்கே. 1976இல், பழங்குடிகளுக்கு நிலத்தைத் திருப்பித் தர வழிசெய்யும் வடபிரதேச (Northern Territory) நில உரிமைச் சட்டம் வந்தது. 1981இல் வாலுங்குரு மலையடிவாரத்துக்கே போய்விட்டார்கள். அதுதான் உன் மேப்பில் இருக்கும் கின்டோர். ஆழ்துளைக் கிணறு கிடைத்த இடம்வரை ஊர் நகர்ந்தது என்று வைத்துக்கொள். அதையும் தாண்டி, மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் கிவிர்குரா.

1984 அக்டோபரில் அந்தக் கிவிர்குராப் பக்கம் அதுவரை பாலைவனத்திலேயே வாழ்ந்த ஒன்பது பின்டுபிகள் வந்தார்கள். 'தொலைந்த பழங்குடி கண்டுபிடிப்பு' என்று பத்திரிகைகள் குதித்தன. யார் தொலைந்தது, சொல்? அவர்கள் இருந்த இடத்தில்தான் இருந்தார்கள். சுற்றிலும் இருந்த சொந்தங்கள்தான் இருபது வருடமாகக் காணவில்லை. சொந்தங்கள் ஊர் திரும்பியதால்தான் இவர்களும் வந்து சேர முடிந்தது. தடம் பார்த்துத் தேடிப் போய் அழைத்து வந்ததும் உறவினர்கள்தான்.

2001 மார்ச்சில் கிவிர்குராவில் வெள்ளம். ஆமாம், பாலைவனத்தில்தான். ஊரே காலியாகி, ஒன்றரை வருடத்துக்கு மேல் வெளியே கிடந்தார்கள். அதே வருடம் அக்டோபரில்தான் சுமார் 42,900 சதுர கிலோமீட்டர் நிலம் அவர்களுடையது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் வீடு திரும்பியது 2002 கடைசியில்.

இதற்கிடையில் சிறுநீரக நோய். அதைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மெஷின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் மட்டும் இருந்ததால், முதுமையில் இன்னொரு முறை நிலத்தை விட்டு வரவேண்டியதாயிற்று. இந்த முறை லாரிக்குப் பதில் மெஷின், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் சும்மா இருக்கவில்லை. கின்டோர், கிவிர்குரா இரண்டு ஊர் ஆண்களும் பெண்களும் சேர்ந்து நான்கு பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். 2000 நவம்பரில் சிட்னியில் நடந்த ஏலத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 2004இல் கின்டோரிலேயே டயாலிசிஸ் தொடங்கியது. ஒரு முறைக்கே நூறு லிட்டருக்கு மேல் சுத்தத் தண்ணீர் வேண்டும் என்பாயே, அதைப் பாலைவனத்தில் நிலத்தடி நீரைச் சுத்திகரித்துச் செய்கிறார்கள்.

2015இல் அன்றைய பிரதமர் டோனி அபாட், இப்படித் தொலைவில் வாழ்வதை 'வாழ்க்கைமுறைத் தேர்வு' என்றார், அதற்கெல்லாம் வரிப்பணத்தைக் கொட்டிக்கொண்டே இருக்க முடியாதென்று. உன் கேள்வியும் கிட்டத்தட்ட அதுதான். கோபித்துக்கொள்ளாதே, நீ அறியாமல் கேட்டாய். பின்டுபியில் 'ங்குர்ரா' என்று ஒரு சொல். நேற்றிரவு படுத்து எழுந்த இடமும் ங்குர்ரா, முன்னோர் உருவாக்கிய நிலமும் ங்குர்ரா. நாம் 'ஊர்' என்பதைவிட அது கனமானது.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த ஏலப்பணத்தில் தொடங்கிய அமைப்பை ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 'பர்பிள் ஹவுஸ்' என்பார்கள். அங்கே போய், கின்டோர் மெஷினில் பாட்டிக்கு எப்போது இடம் கிடைக்கும் என்று கேள். நிரந்தரமாக முடியாவிட்டால், சில நாள் ஊருக்குப் போய்வர வழி உண்டா என்றாவது கேட்டுப் பார்.

அப்புறம், அவர் கணவர் ஓவியர் என்றாய். அவர் இறந்திருந்தால் பெயரைக் கேட்காதே, நீயும் சொல்லாதே. அவர்கள் இறந்தவர் பெயரை உச்சரிப்பதில்லை. எந்தப் பக்கத்துக்காரர் என்று மட்டும் கேள். ஊசி போடாத கையால் பாட்டி திசை காட்டுவார்.

அன்புடன்,
சித்தி