ஆறாம் வகுப்புக்கும் காலையில் பசிக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரே வளாகம்தான். என் பேத்தி ஆறாவது, பேரன் மூன்றாவது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவுத் திட்டம் எவ்வளவு நல்ல காரியம் என்பதைத் தினமும் நேரில் பார்க்கிறேன், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறதே!

புதன்கிழமை பொங்கலும் சாம்பாரும். சின்னப் பிள்ளைகள் வராந்தாவில் தட்டோடு வரிசையாக உட்கார, பெரிய பெண்கள்தான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, சிந்தியதைத் துடைத்துவிட்டு, அப்புறம் பிரார்த்தனை மணி அடிக்கப் போகிறார்கள். அவர்களில் பலர் வீட்டில் வெறும் டீ குடித்துவிட்டு வந்தவர்கள், ஏனென்றால் அம்மா விடியும் முன்பே களையெடுக்கக் கிளம்பியிருப்பார். என் பேரன் ஒருநாள் பாதிப் பொங்கலை அக்காவுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தான். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள், ஆனால் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மத்தியானம் சத்துணவும் முட்டையும் எட்டாவது வரை எல்லோருக்கும் உண்டு, சரி. அதுவரை நான்கு பாடவேளை இருக்கிறதே. கணக்கும் அறிவியலும் கடினமாவதே ஆறாவதில்தான், பெண் பிள்ளைகளுக்கு உடம்பு வளர்கிற வயதும் அதுதான். அடுப்பு அங்கேயே எரிகிறது, சமைக்கிற அம்மாவும் இருக்கிறார். நடுநிலைப் பள்ளிகளில் முதலில் 6, 7, 8 வகுப்புகளையும் சேருங்கள் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாத்தா