சென்னைச் சுவர்களைப் படிக்க வரும் கதிருக்கு

அன்புள்ள கதிர்,

சுவரோவியங்களைப் பார்க்க இரண்டு நாள் சென்னை வருகிறேன், கண்ணகி நகரில் தொடங்கலாமா என்று கேட்டிருந்தாய். அங்கே இரண்டாம் நாள் போ. முதல் நாள் கட்சிகள் தேர்தல் விளம்பரம் எழுதும் சுவர்களைப் பார். அவற்றைப் படிக்கப் பழகாமல் பெரிய ஓவியங்களின் அரசியல் பிடிபடாது.

தாம்பரம் தாண்டி, செங்கல்பட்டு வரையிலான ஊர்களின் உள்தெருக்களில் நட. வெள்ளையடித்த சுவரில் படம் எதுவும் இருக்காது. மூலையில் ஒரு கட்சியின் பெயரும் ஓர் ஆண்டும் மட்டும் இருக்கும். அதை வெற்றுச் சுவர் என்று கடந்துவிடாதே. அடுத்த தேர்தலுக்கு இப்போதே பிடித்து வைத்த இடம் அது. வீட்டுக்காரர் யாருக்குச் சுவரைக் கொடுத்தார் என்பதில் அந்தத் தெருவின் உறவும் பகையும் தெரியும். ஒரு பெயரைச் சுண்ணாம்பால் அழித்து இன்னொன்று எழுதியிருந்தால், அங்கே ஒரு சண்டை நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்.

கிட்டே போய் எழுத்தைத் தொட்டுப் பார். முதலில் சுண்ணாம்பு இரண்டு பூச்சு. காய்ந்ததும் சாக்பீஸ் தூள் தடவிய நூலை இழுத்துத் தட்டிக் கோடு போடுவார்கள். கலர்ப் பொடியில் முன்பு வச்சிரப் பசை, இப்போது ஃபெவிகால். பசை குறைந்தால் நிறம் கையோடு வரும், கூடினால் வெடித்து உரியும். உரிந்த இடத்தில் பாதி சூரியனோ ஒற்றை இலையோ எட்டிப் பார்க்கும். பழைய தேர்தல் அது. அந்த அடுக்குகளைக் காலை வெயில் சாய்வாக விழும்போது படமெடு, உச்சி வெயிலில் தெரியாது. கீழ்மூலையில் எழுதியவரின் பெயர் இருந்தால் அதையும் சேர்த்து எடு. இந்தக் கைகளைக் கலைஞர்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அது எனக்கு ஆறாத வருத்தம்.

நகருக்குள் இந்த எழுத்து அரிது. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959லேயே சட்டம் உண்டு. 2009-10 வாக்கில் மாநகராட்சி அண்ணா சாலையிலும் காமராஜர் சாலையிலும் சுவரொட்டிகளைத் தடுத்து, தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளை வரையவைத்தது. அழகுதான். ஆனால் அந்த ஓவியத்தின் முதல் வேலை இன்னொருவர் போஸ்டர் ஒட்டாமல் பார்த்துக்கொள்வது.

இரண்டாம் நாள் பறக்கும் ரயிலில் இந்திரா நகர் நிலையத்தில் இறங்கு. எச்ஐவியோடு வாழ்பவர்கள் மீதான ஒதுக்கலுக்கு எதிராக வரைந்த முகங்கள் நிலையத்தின் சுவரை நிறைத்து நிற்கும். சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால்தான் முழுதாகத் தெரியும்.

அங்கிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் பஸ் பிடித்து துரைப்பாக்கம் போ. கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். ஆற்றோரங்களிலும் கடலோரத்திலும் இருந்து நகரம் அப்புறப்படுத்திய குடும்பங்களை 2000 முதல் இங்கே குடியேற்றினார்கள். 2020ல் ஒரு கலை அமைப்பும் பெயிண்ட் நிறுவனமும் மாநகராட்சியோடு சேர்ந்து மாடிச் சுவர்களில் வரையத் தொடங்கின. நிமிர்ந்து முகங்களைப் பார். பிறகு குனிந்து, அதே சுவரில் ஒழுகும் குழாயையும் அடியில் பூத்திருக்கும் உப்பையும் பார். ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட் கொப்பளித்து உதிரும். எவ்வளவு விலையுயர்ந்த எமல்ஷனும் தப்பாது. ஓவியத்துக்குக் கிடைத்த கவனம் குழாய்க்கும் கிடைத்ததா என்பதை அந்த ஒரு சாண் உயரத்தில் தெரிந்துகொள்ளலாம்.

அது மக்கள் குடியிருக்கும் இடம். மாடியில் துணி காயப்போடுபவரும் உன் படத்தில் விழுவார். கேட்டுவிட்டு எடு. "எங்கேயிருந்து இங்கே வந்தீங்கக்கா?" என்று ஒருவரிடமாவது கேள். சிந்தாதிரிப்பேட்டை என்றோ, பட்டினப்பாக்கம் என்றோ பதில் வரும்; நேரமிருந்தால் திரும்பும் வழியில் அந்த இடத்துக்கும் போய், இப்போது அங்கே என்ன இருக்கிறதென்று பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்