உங்கள் ஃபிளாட்டின் லீஸில் எத்தனை வருடம் மிச்சம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன கிழமை கோவிலில் எனக்குத் தெரிந்த ஓர் அக்காவோடு கதைத்துக்கொண்டிருந்தேன். ஈஸ்ட்ஹாம் பக்கம் தாங்கள் முன்பு இருந்த ஃபிளாட்டை மகளுக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். கவுன்சில் கட்டிய கட்டடம். லீஸில் எத்தனை வருடம் மிச்சம் என்று கேட்டேன். "அது 125 வருடம், பிரச்சினை இல்லை" என்றார். எந்த வருடத்திலிருந்து 125? அது தெரியவில்லை. வீட்டுக்குப் போய் லீஸ் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள் என்றேன். இரவே போன் வந்தது, 1982 என்று போட்டிருக்கிறதாம். அப்படியென்றால் 2027ல் மிச்சம் இருப்பது 80 வருடம். அந்த 80 என்ற எண்ணைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஊரில் காணியோ வீடோ வாங்கினால் உறுதி நம் பெயரில் வரும், அதோடு அது நம்முடையது. வெள்ளவத்தையில் ஃபிளாட் வாங்கினாலும் நம் பெயரில் உறுதி எழுதிக்கொள்ளலாம். அந்த நினைப்போடுதான் நம்மில் பலர் இங்கிலாந்தில் ஃபிளாட் வாங்குகிறோம். ஆனால் இங்கே நாம் வாங்குவது பெரும்பாலும் நீண்ட காலக் குத்தகை, அதைத்தான் லீஸ் என்கிறார்கள். நிலமும் கட்டடமும் ஃப்ரீஹோல்டர் எனப்படும் உரிமையாளருடையவை, குத்தகை முடிந்தால் ஃபிளாட்டும் அவருக்கே போய்விடும். ஸ்கொட்லாந்தில் இப்படி இல்லை, அங்கே ஃபிளாட்டையே முழுச் சொந்தமாக வாங்கலாம்.

நானும் கணவரும் 2005ல் ஹரோவில் ஓர் அறை ஃபிளாட் வாங்கினோம். 99 வருட லீஸ், 1989 மார்ச்சிலிருந்து கணக்கு. அப்போது மிச்சம் 83 வருடம். எங்கள் ஆயுளுக்கு அது போதும் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டோம். பிள்ளைகள் பிறந்ததும் பெரிய வீட்டுக்கு மாறினோம், ஃபிளாட்டை வாடகைக்கு விட்டோம், அப்புறம் அந்த லீஸை எடுத்துப் பார்க்கவே இல்லை. 2019ல் விற்கப் போனபோது மிச்சம் 69 வருடம். வாங்க வந்த இளம் தம்பதிக்கு வங்கி மோர்கேஜ் தர மாட்டேன் என்றுவிட்டது. ஆசைப்பட்டு வந்த பிள்ளைகள், இரண்டு மாதம் அலைந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

லீஸை நீட்டக் கடைசியில் 19,500 பவுண் கொடுத்தோம். மதிப்பீட்டாளர், லோயர் செலவு தனி, ஃப்ரீஹோல்டரின் லோயருக்கும் மதிப்பீட்டாளருக்கும் கொடுத்ததும் எங்கள் பணம்தான், சட்டம் அப்படி. அந்த 19,500ல் ஏறக்குறைய 8,500 பவுண் 'மேரேஜ் வேல்யூ' என்பதற்குப் போனது. லீஸை நீட்டியதும் ஃபிளாட்டின் விலை கூடுகிறது அல்லவா, அந்தக் கூடுதலில் ஃப்ரீஹோல்டருக்குப் பாதி கொடுக்க வேண்டும். ஆனால் மிச்சம் 80 வருடத்துக்கு மேல் இருந்தால் இந்தப் பாதியைக் கொடுக்கத் தேவையில்லை. எங்கள் லீஸ் 80க்கு வந்தது 2008 மார்ச்சில். அந்தக் காலத்தில் இரண்டு வருடம் சொந்தமாக வைத்திருந்தால்தான் நீட்டக் கேட்க முடியும், அந்த இரண்டு வருடமும் எங்களுக்கு 2007லேயே முடிந்துவிட்டது. கிட்டத்தட்ட ஒரு வருடம் கதவு திறந்தே இருந்தது. யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் போயிருப்போம்.

இன்னொன்றும் நடந்தது. நாங்கள் நீட்டக் கேட்கிறோம் என்று தெரிந்ததும் ஃப்ரீஹோல்டரின் ஏஜென்டிடமிருந்து ஒரு கடிதம். சட்டப்படி போனால் நாளாகும், எங்களோடு நேரே பேசி முடியுங்கள், 12,000 பவுண்தான் என்று எழுதியிருந்தார்கள். கணவருக்குச் சந்தோஷம். உள்ளே பார்த்தால் லீஸை மறுபடி 99 வருடமாக மட்டும் ஆக்குவார்களாம், கிரவுண்ட் ரென்ட், அதாவது ஃப்ரீஹோல்டருக்குக் கட்டும் நில வாடகை, வருடத்துக்கு 250 பவுண், பத்து வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகுமாம். ஐம்பது வருடம் கழிந்தால் அது வருடத்துக்கு 8,000 பவுண்! அந்த ஃபிளாட்டை யார் வாங்குவார்கள்? 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி போனால் மிச்சமிருக்கும் வருடங்களோடு இன்னும் 90 வருடம் கிடைக்கும், கிரவுண்ட் ரென்ட்டும் இல்லாமல் போய்விடும். சட்டத்தில் அதற்கு 'ஒரு மிளகு' வாடகை என்றே பெயர். 2022 ஜூன் 30 முதல் நேரே பேசி நீட்டினாலும் புதிதாகச் சேரும் வருடங்களுக்குக் கிரவுண்ட் ரென்ட் கேட்க முடியாது, ஆனால் பழைய லீஸில் மிச்சமிருக்கும் வருடங்களுக்குக் கேட்கலாம். எனவே மலிவாகத் தெரியும் கடிதம் வந்தால் லோயரிடம் காட்டாமல் ஒப்பமிடாதீர்கள்.

சரி, புதுச் சட்டம் வந்துவிட்டதே, காத்திருந்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். 2024 மே மாதம் நிறைவேறிய சட்டம் மேரேஜ் வேல்யூவை எடுத்துவிடுகிறது, 90க்குப் பதில் 990 வருடம் தருகிறது. ஃப்ரீஹோல்டர்கள் அதை எதிர்த்துப் போட்ட வழக்கை 2025 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தள்ளுபடியும் செய்தது. ஆனால் அந்தப் பகுதிகள் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இரண்டு வருடம் காத்திருக்கும் விதி மட்டும் 2025 ஜனவரி 31ல் போய்விட்டது. அதனால் அக்காவின் மகள் பெயருக்கு ஃபிளாட் மாறினாலும் அவர் உடனே கேட்கலாம். ஏற்கனவே 80க்குக் கீழே போய்விட்டவர்கள், விற்கும் அவசரமும் இல்லாதவர்கள், பொறுத்துப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. 81, 82 வருடம் மிச்சம் இருப்பவர்கள் இன்னும் வராத சட்டத்தை நம்பி 80க்குக் கீழே இறங்க விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கையில் முழுப் பணம் இல்லையே என்றும் தள்ளிப் போடாதீர்கள். லீஸை நீட்டக் கேட்டு 1993 சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி ஃப்ரீஹோல்டருக்கு நோட்டீஸ் கொடுக்கும் நாள்தான் விலைக் கணக்குக்கு உரிய நாள். 80 வருடத்துக்கு மேல் இருக்கும்போது நோட்டீஸ் போய்விட்டால், பேச்சு எத்தனை மாதம் இழுத்தாலும் மேரேஜ் வேல்யூ வராது. முற்பணமாக அவர்கள் கேட்கக்கூடியது நீங்கள் நோட்டீஸில் எழுதிய தொகையில் பத்தில் ஒன்று அல்லது 250 பவுண், எது கூடவோ அது. ஆனால் கெடுக்களைத் தவற விடக்கூடாது. ஃப்ரீஹோல்டரின் பதில் வந்து ஆறு மாதத்துக்குள் விலை ஒத்துவரவும் இல்லை, தீர்ப்பாயத்துக்கும் போகவில்லை என்றால் நோட்டீஸ் செத்துவிடும், அடுத்ததைக் கொடுக்க ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். லீஸ் வேலை தெரிந்த லோயர் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான், ஊர்க்காரர் என்பது மட்டும் போதாது. அதற்கு முன் லீஸ்ஹோல்ட் அட்வைசரி சேர்விஸ் என்ற அரச அமைப்பிடம் இலவசமாக விவரம் கேட்கலாம்.

1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் கவுன்சில் வீடுகள் விற்பனைக்கு வந்தபோது அந்த ஃபிளாட்டுகளுக்குப் பெரும்பாலும் 125 வருட லீஸ்தான் கொடுத்தார்கள். ஒரு கட்டடத்தில் முதல் ஃபிளாட் விற்ற நாளிலிருந்தே மற்றவற்றுக்கும் கணக்குத் தொடங்குவது வழக்கம். நீங்கள் 2010ல் வாங்கியிருந்தாலும் உங்கள் லீஸ் 1982ல் தொடங்கியிருக்கலாம். எண்பதுகளின் தொடக்கத்தில் கொடுத்த அந்த லீஸ்கள் இப்போதுதான் ஒவ்வொன்றாக 80ஐத் தொடுகின்றன. ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் முதல் வீடாக இப்படி ஒரு ஃபிளாட் வாங்கிய எத்தனையோ தமிழ்க் குடும்பங்களை எனக்கே தெரியும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பத்திரிகையில் ஃபிளாட் விற்பனை விளம்பரங்கள் வருகின்றன. விலை, அறைகள், ஸ்டேஷன் எவ்வளவு தூரம் எல்லாம் இருக்கிறது, லீஸில் எத்தனை வருடம் மிச்சம் என்பது இல்லை. அதையும் போடாத விளம்பரத்தை ஏற்காதீர்கள்.

வரும் புதன்கிழமை அந்த அக்கா மகளோடு லோயரிடம் போகிறார். நானும் கூடப் போகிறேன்.

இப்படிக்கு,
ஹரோவிலிருந்து ஒரு வாசகி